எவ்வளவு கொடுக்கும்?

மதுரையில் எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் முதல் கேள்வி இதுதான்: 'எவ்வளவு கொடுக்கும்?' பைக்கோ, டிராக்டரோ, புது மாடலோ, முப்பது வருடப் பழசோ, பேதமே கிடையாது. விலை, கம்பெனி, கலர் எல்லாம் அப்புறம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாமல் ஒரு வண்டியை மதிக்கவோ அவமதிக்கவோ எங்கள் ஊரில் வழக்கமில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், ஒத்தக்கடையில் ஒரு டீக்கடை வாசலில் இந்தக் கேள்வி ஒரு வித்தியாசமான காரை நோக்கி வீசப்பட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டே கதவு, இரண்டே சீட். இடுப்பளவு உயரம். முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் எருமை மாதிரி அகலம். பின்னால் யானைமலை படுத்திருக்க, முன்னால் இது படுத்திருந்தது. சுற்றிலும் முப்பது பேர், முப்பது செல்போன்.

"அண்ணே, எவ்வளவு கொடுக்கும்?"

கேட்டவனுக்கு வயது பதினைந்து இருக்கும். கார்க்காரர் காரைக்குடிப் பக்கம். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அதெல்லாம் கணக்குப் பார்த்ததில்ல தம்பி. இது பார்க்கிறதுக்கு வாங்கினது."

கூட்டம் சிரித்தது. அந்தக் காரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே மிகச் சுருக்கமானது அதுதான். இந்த வாரம் நான் எழுதப்போவது அதற்கு ஒரு உரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார், டி.சி. அவந்தி. 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் திரை விலக்கப்பட்டது. விலக்கியவர் அமிதாப் பச்சன். 'இந்தியாவின் முதல் ஸ்போர்ட்ஸ் கார்' என்றார்கள். (கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் என்ற குட்டி இரண்டு சீட் காருக்கு இன்னும் ரசிகர்கள் உண்டு, அவர்கள் சண்டைக்கு வரலாம்.) கண்காட்சியில் பார்த்த கார் வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கு வர மூன்று வருடம் ஆனது. விலை சுமார் 36 லட்சம். பிதாமகர் திலீப் சாப்ரியா. நடிகர்களின் கேரவன்களையும் பணக்காரர்களின் கார்களையும் உள்ளும் புறமும் மாற்றிக் கொடுத்துப் பேர் வாங்கியவர். ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனிக்கே ஒரு கண்காட்சிக் காரைக் கட்டிக் கொடுத்த பட்டறை அவருடையது. 2004-ல் 'டார்ஜான்: தி ஒண்டர் கார்' என்று ஒரு இந்திப் படம் வந்ததே, அதில் தானாக ஓடிப் பழிவாங்கும் ஊதா கார்? அதுவும் அவர் கைவண்ணம்தான். ஒரு பழைய டொயோட்டா எம்ஆர்2-வின் மேல் கட்டியது.

டொயோட்டா எம்ஆர்2 என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவந்தியின் தத்துவம் அங்கேதான் இருக்கிறது.

நம் வீட்டுக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் முன்னால், குறுக்குவாட்டில் இருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு கியர்பாக்ஸ். அந்த மொத்த மூட்டையும் முன் சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. இந்த மூட்டையை அப்படியே கழற்றி எடுத்து டிரைவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைத்துவிட்டால்? அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ், இப்போது பின் சக்கரங்களைத் தள்ளும். கனம் காரின் நடுவுக்கு வந்துவிடும். எம்ஆர்2 இப்படித்தான். அவந்தியும் இப்படித்தான். ரெனோ கம்பெனியின் 2 லிட்டர் டர்போ இன்ஜினை வாங்கி முதுகில் ஏற்றினார்கள். 250 குதிரை சக்தி, 340 நியூட்டன் மீட்டர் திருகு விசை, ஆறு கியர், நிஜ கிளட்ச்.

கனம் நடுவில் இருப்பதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகத் தெருமுனையில் சடாரென்று திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே இரண்டு குடத்தையும் ஒரு நீளக் கம்பின் இரண்டு முனைகளில் தொங்கவிட்டுக் காவடி மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பாருங்கள். ஆள் திரும்பிவிடுவார். குடம் திரும்பாது. திரும்ப ஆரம்பித்தால் நிற்காது. உடம்போடு ஒட்டிய கனம் சொன்ன பேச்சைக் கேட்கும்; தள்ளி நிற்கும் கனம் கேட்காது. ஃபெராரியும் லாம்போர்கினியும் இன்ஜினை நடுவில் வைப்பது இதற்காகத்தான்.

ஆக, யோசனை சரி. இன்ஜினும் நல்ல இன்ஜின். கடன் வாங்கிய இன்ஜின் என்று சிலர் இளப்பமாகப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகத்திலேயே வேகமான கார் என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட மெக்லாரன் எஃப்1-ல் இருந்தது பி.எம்.டபிள்யூ. இன்ஜின். கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் இன்ஜினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைச் செய்தார். அதில் உட்கார்ந்து பந்தயம் கற்றுக்கொண்டவர்கள் ஒரு தலைமுறை. கடன் வாங்கியது குற்றமில்லை. வாங்கியதை எங்கே வைத்தோம், எவ்வளவு சுமையை அதன் தலையில் ஏற்றினோம் என்பதுதான் விஷயம்.

சுமைக்கு வருவோம். அவந்தியின் எடை 1,580 கிலோ. இரண்டு பேர் மட்டும் உட்காரும் காருக்கு.

1996-ல் இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனி எலிஸ் என்று ஒரு கார் கொண்டுவந்தது. அதுவும் இரண்டு சீட், அதுவும் நடுவில் இன்ஜின், அதுவும் கடன் வாங்கிய இன்ஜின்தான். ரோவர் கம்பெனியின் சாதுவான 1.8 லிட்டர். 118 குதிரை. அவந்தியில் பாதிகூட இல்லை. ஆனால், எலிஸின் எடை வெறும் 725 கிலோ. அலுமினியச் சட்டங்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்தார்கள். இப்போது வகுத்துப் பாருங்கள். டன் ஒன்றுக்கு அவந்தியில் 158 குதிரை. எலிஸில் 163. இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி வைத்துக்கொண்டு, அவந்தி எலிஸின் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. கொஞ்சம் பின்னால்.

'சரிசமம்தானே, அப்புறம் என்ன?' என்கிறீர்களா? கிளம்பும்போது சரிசமம். திரும்பும்போதும் நிற்கும்போதும்தான் வித்தியாசம். வளைவில் டயர் தாங்க வேண்டியது காரின் மொத்த எடையை. பிரேக் தின்ன வேண்டியதும் மொத்த எடையை. டன்னுக்கு எத்தனை குதிரை என்று அதற்குத் தெரியாது.

காரைக்குடிக்காரர் தாராள மனசுக்காரர். "மேலூர் வரைக்கும் வாங்களேன் சார்" என்று ஏற்றிக்கொண்டார். ஏறினேன் என்பதைவிட இறங்கினேன் என்பது சரி. சாலை முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஓடியது. காதுக்குப் பின்னால் இன்ஜின் பேசிக்கொண்டே வந்தது. ஒரு வேகத்தடையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஒன்றும் உரசவில்லை. காரணம், தரைக்கும் காருக்கும் நடுவே 170 மில்லிமீட்டர் இடைவெளி வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட நம் சாதாரணக் காரின் அளவு. இத்தாலியக் கார் எதிலும் இதை எதிர்பார்க்க முடியாது. நம் ஊர் பஞ்சாயத்துகள் போடும் வேகத்தடைகளை நினைத்து வடிவமைத்த ஒரே ஸ்போர்ட்ஸ் கார் இதுவாகத்தான் இருக்கும். இதற்காக சாப்ரியாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இருபது நிமிஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டு ஒரு காரின் குணத்தைச் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. ஆகையால் எனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுக்கொண்டு போனேன்.

வெள்ளரிப்பட்டி வந்தது. டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் தொழிற்சாலை உள்ள ஊர். சாலை ஓரத்தில் ஆட்டு மந்தை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடும். ஆடு குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, மூளை நம்பி, கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி. அதற்கே 28 மீட்டர் காலி. அதற்கப்புறம் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால் நிற்க இன்னொரு 40 மீட்டர். வேகத்தை 160 ஆக்குங்கள். யோசிக்கவே 44 மீட்டர், நிற்க ஏறத்தாழ 100 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் அதிகம்; பிரேக் பிடிக்கும் தூரம் இரண்டரை மடங்கு. இந்த இயற்பியலுக்கு ஆட்டிடம் கருணை கிடையாது, ஓட்டுகிறவரிடமும் கிடையாது. அதனால்தான் நல்ல ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்கள் பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை காலுக்கு வந்த பிறகுதான் வேகம் சந்தோஷமாகிறது. அதுவரை அது பயம்தான், வெளியே சொல்லிக்கொள்ளாத பயம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? கண்ணுக்குத் தெரியாத சாமான்களிலிருந்து. கோச்சடை என்றால் மதுரைக்காரர்களுக்கு ரப்பர் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். அங்கே செய்த மாதிரியான சின்ன ரப்பர் புஷ்கள் ஒவ்வொரு காரின் சஸ்பென்ஷனிலும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. உள்ளங்கை அளவு. அந்த ரப்பர் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் கார் சொகுசாக மிதக்கும். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். கொஞ்சம் கடினமாக இருந்தால் உடனே திரும்பும். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உங்கள் பல்லுக்கு அறிவிக்கும். இரண்டுக்கும் நடுவே சரியான ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. மாற்றி, ஓட்டி, மறுபடி மாற்றி, மறுபடி ஓட்டி, ஆயிரக்கணக்கான மணி நேரம் செலவழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொகுசும் வேண்டும், வேகமும் வேண்டும் என்று கேட்கிற கூப்பேக்களில் பணம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. தோல் சீட்டுக்குப் போவது சில்லறை.

நிஸான் ஜிடி-ஆர் என்ற ஜப்பானியக் காரை இங்கே சொல்லியாக வேண்டும். 2007-ல் பிறந்து, 2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்து, 1 கோடியே 99 லட்சம் விலை சொல்லி, 2025 ஆகஸ்டில் உற்பத்தியை நிறுத்திக்கொண்ட கார். அதுவும் கனமான கார்தான். 1,700 கிலோவுக்கு மேல். அதன் தலைமைப் பொறியாளர் கஸுடோஷி மிஸுனோவிடம் 'ஏன் இத்தனை எடை?' என்று கேட்டபோதெல்லாம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, வாதாடினார். எடை அமுக்கினால்தான் டயர் தரையைப் பிடிக்கும், எனக்கு அந்தப் பிடி வேண்டும் என்றார். நீங்கள் ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அதற்கேற்ப மற்ற எல்லாவற்றையும் செய்திருந்தார். இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸைக் கொண்டுபோய்ப் பின் அச்சில் வைத்தார், கனம் இருபுறமும் பகிர்ந்துகொள்ள. ஒரு தண்டு சக்தியைப் பின்னால் கொண்டுபோகும். இன்னொரு தண்டு அதில் தேவையானதை முன் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொண்டுவரும். ஒவ்வொரு இன்ஜினையும் 'தகுமி' என்று அழைக்கப்படும் ஒரே கைவினைஞர் தூசியில்லாத அறையில் தனி ஆளாகப் பூட்டினார். இந்தியாவுக்கு வந்த ஜிடி-ஆரில் 565 குதிரை. அழகான கார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பீரோவைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும். வடிவம் அதற்குக் கடைசியில் வந்து சேர்ந்தது.

நம் கதையில் வடிவம் முதலில் வந்துவிடுகிறது. அவந்தியில் மட்டுமில்லை. முப்பது வருடத்துக்கு முன்பே ஒருமுறை, நம் மாநிலத்திலேயே.

எண்பதுகளின் நடுவில் மேலமாசி வீதியில் ஒரு வெள்ளைக் கார் போனதைப் பார்த்து சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவன் நான். அம்பாசடரும் ஃபியட்டும் தவிர வேறு அறியாத கண்களுக்கு அது வேற்றுக்கிரகத்துப் பொருள். நீண்ட மூக்கு, சரிந்து இறங்கும் முதுகு. பெயர் ஸ்டாண்டர்டு 2000. சென்னையில் வண்டலூர் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் வெளியிட்டது.

உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் என்ற வடிவமைப்பாளர் ஃபெராரி டேடோனா கூப்பேயைப் பார்த்து மயங்கி வரைந்தது. ஐந்து கதவு இருந்தாலும் மனசு கூப்பே மனசு. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரை. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது. நம் ஆட்கள் உடம்பை வாங்கினார்கள். உள்ளே வைத்தது, கையிருப்பில் இருந்த ஒரு பழைய நாலு சிலிண்டர் இன்ஜினை. அவர்களுடைய ஸ்டாண்டர்டு 20 வேனில் ஓடிக்கொண்டிருந்தது. 1,991 சி.சி., 83 குதிரை. அதன் பூர்விகம் 1940-களின் வேன்கார்டு கார். அதே குடும்பத்து இன்ஜின்தான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது.

இங்கே எல்லோரும் சிரிப்பார்கள். டிராக்டர் இன்ஜின்! நானும் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. 1953-ல் டிரையம்ப் கம்பெனி டிஆர்2 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. அடுத்த வருடம் இங்கிலாந்தின் ஆர்.ஏ.சி. ராலியில் முதலிடம். அதில் இருந்த இன்ஜின் என்ன தெரியுமா? அதே குடும்பம், அதே 1,991 சி.சி., 90 குதிரை.

ஒரே ரத்தம். வயலில் உழுதது, ராலியில் ஜெயித்தது, மாசி வீதியில் மூச்சு வாங்கியது. இன்ஜின் மேல் பழிபோட முடியுமா, சொல்லுங்கள். டிஆர்2-வில் அதற்குத் தகுந்த உடம்பு கிடைத்தது. டிராக்டரில் தகுந்த வேலை கிடைத்தது. ஸ்டாண்டர்டு 2000-ல் ஃபெராரியைப் பார்த்து வரைந்த மூக்குக்குள்ளே வயதான காலத்தில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். வேகம் இல்லை, பெட்ரோலும் நிறையக் குடிக்கிறது என்ற பேச்சு பரவியது. 'எவ்வளவு கொடுக்கும்?' என்ற நம் கேள்விக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பதில் அதனிடம் இல்லை. 1988-ல் எல்லாம் முடிந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெஸல் என்று ஊரெங்கும் கார் ஓடவிட்ட தொழிற்சாலை மூடிக்கொண்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மூக்கின் அழகு சோறு போடவில்லை.

அவந்தியின் முடிவு வேறு மாதிரி. 2020 டிசம்பரில் திலீப் சாப்ரியாவை மும்பை போலீஸ் கைது செய்தது. விசாரணைக்குக் காரணமான அவந்தியின் நம்பர் பிளேட் தமிழ்நாட்டுடையது. அதே சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஹரியானாவில் இன்னொரு பதிவிலும் இருந்தன, கார்களின் பேரில் கடன்கள் வாங்கப்பட்டன என்பது போலீஸின் குற்றச்சாட்டு. நிஜமா இல்லையா என்று தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை. (விசாரித்த அதிகாரியே மூன்று மாதம் கழித்து வேறொரு வழக்கில் கைதானார். மும்பை அப்படிப்பட்ட ஊர்.) விற்ற அவந்திகள் நூற்றுச் சொச்சம் என்ற கணக்கு அந்தச் சமயத்தில்தான் வெளியே வந்தது. என் விமர்சனம் ஆளைப் பற்றியது இல்லை, காரைப் பற்றியது. கைது நடக்காமலிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

கண்காட்சிக் கார் செய்வதில் மன்னர் அவர். ஆனால் கண்காட்சிக் கார் என்பது கல்யாண மண்டப அலங்கார வாசல் மாதிரி. ஒரு நாள் பிரமிப்பாக நின்றால் போதும். விற்கிற கார் வீட்டு வாசல். பத்து வருடம் மழையில் நிற்க வேண்டும், கதவு ஒவ்வொரு முறையும் ஒரே சத்தத்துடன் சாத்த வேண்டும். அதற்கு வேண்டியது சோதனை. இந்தூருக்குப் பக்கத்தில் பீதம்பூரில் 11.3 கிலோமீட்டர் நீள அதிவேகச் சோதனைப் பாதை திறக்கப்பட்டதே 2021 ஜூனில்தான். அவந்தி அதற்கு ஆறு வருடம் முன்பே வாடிக்கையாளர் கையில் இருந்தது. சாப்ரியாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பணமும் பாதையும் உள்ள டாடா மட்டும் என்ன செய்தது? 2017 மார்ச்சில் ஜெனீவாவில் ரேஸ்மோ என்ற இரண்டு சீட் கூப்பேயைக் காட்டியது. இன்ஜின் பின்னால், 1.2 லிட்டர் டர்போ, 190 குதிரை. எடை சுமார் 800 கிலோ என்றார்கள். எலிஸ் வழியில் யோசித்த ஆட்கள்! கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. டன்னுக்கு 230-க்கும் மேல். அடுத்த வருடமே, செலவு கட்டுப்படியாகாது என்று மூட்டை கட்டிவிட்டார்கள். ஒரு கார்கூட விற்பனைக்கு வரவில்லை.

அந்த வருடமே, 2018 அக்டோபரில், டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கூப்பே இல்லை, கும்பலில் ஒளிந்துகொள்ளும் சாதாரண ஐந்து கதவு டியாகோ. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரை. விலை 6 லட்சத்து 39 ஆயிரம். ஜெயத்தின் ஆனந்த் பந்தயம் ஓட்டியவர். அவருடைய ஆட்கள் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தாழ்த்தி, விறைப்பாக்கி, டயரை அகலமாக்கி, ஸ்டீயரிங்கைச் சீர்செய்திருந்தார்கள். அக்கா மகன் ஒன்று வாங்கினான். "மாமா, நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தான்.

நாகமலைப் புதுக்கோட்டையில் எடுத்தேன். செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்வரை நான் பேசவில்லை. 90-ஐத் தாண்டவும் இல்லை. ஆனால் முதல் வளைவிலேயே புரிந்துவிட்டது, இந்தக் காரை யாரோ நிறைய ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று. கை நினைத்த இடத்தில் முன்சக்கரம் இருந்தது. மூன்றாவது கியரில் மிதித்தால் டர்போ ஒரு கணம் மூச்சிழுத்துவிட்டு மேட்டில் ஏறியது. எதிரே வாழைத்தார் லாரி ஒன்று வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்தபோது பிரேக்கை அழுத்தினேன். கார் நேராக, பதறாமல் வேகம் குறைந்தது. லாரிக்காரர் போனபின் மருமகன் சிரித்தான். அவந்தியில் 36 லட்சத்துக்குத் தேடியதை ஆறரை லட்சத்தில் வைத்திருந்தான் பயல்.

ஒத்தக்கடையில் இந்தக் காருக்குக் கூட்டம் கூடாது. செல்போன் எடுக்க மாட்டார்கள். வடிவம் என்று ஒன்றும் இல்லை. கதவுப் பக்கத்தில் மூன்று எழுத்து, பானெட்டில் இரண்டு ஓட்டை. அவ்வளவுதான். 2020-ல் புகை விதிகள் மாறியபோது இதையும் நிறுத்திவிட்டார்கள். விற்பனை போதவில்லை. நாம் வாங்கவில்லை. நான் அந்த வருடம் கார் வாங்கினேன், இதை வாங்கவில்லை. டீசலில் இருபதுக்கு மேல் கொடுக்கிற ஒரு வண்டியை வாங்கினேன். அதன் ஸ்டீயரிங் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வருடம் மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. காரை விற்கப்போட்டான். கே.கே. நகர் வீட்டு வாசலில் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கொடுக்கும்?" என்றார். பதில் கேட்டதும் போய்விட்டார். இரண்டாவது ஆள் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு அதையே கேட்டார்.

மூன்றாவது ஆள் நான்தான். "ஏண்டா, சரியாச் சொல்லு, எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டபோது அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"பன்னெண்டு, மாமா" என்றான்.